தோட்டக்காரர் வீடு மாறும்போது

பட்டினத்திலே வீடு மாறுவோர் ஒரு லொறியைப் பிடிக்கின்றனர். காலையில் அலுமாரி, கட்டில், மேசை என்பவற்றை ஏற்றி, மாலையிற் புதிய வீட்டிலே விளக்கேற்றிவிடுகின்றனர். வாடகைப் பாக்கி, மின்சாரக் கட்டணம், வீட்டுத் திறப்பு ஆகிய மூன்றையும் ஒப்படைத்த அளவிற் பழைய வீட்டோடு அவர்களுக்கிருந்த தொடர்பு தீர்ந்துபோகின்றது.

தோட்டஞ் செய்து சீவிக்கும் குடும்பம் வீடு மாறுவது அத்தகையதன்று. பசுவுக்கு நாளும் தெரியாது, கோளும் தெரியாது. முகூர்த்தம் காலை 6.15 மணிக்கு என்று சோதிடர் எழுதிக் கொடுத்திருந்தாலும், மடி கனத்த பசு 5 மணிக்கே கதறத் தொடங்கிவிடும். மணற்றரையில் நிற்கும் மிளகாய்க் கன்று ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் கேட்கும். வீட்டுக்காரர் சாமான் கட்டுகின்றாரே என்று பொறுத்திராது. கத்தரிக்காய் தன்பாட்டிலே முற்றும். கோழி தன்பாட்டிலே அடைகிடக்கும். அன்றாட வேலை ஒருபுறம் நடக்க, அதனூடேதான் வீடும் மாறவேண்டும்.

இத்தகைய வேளையிலே இனசனத்தார் உதவிக்கு வருவது நம்மவரின் நல்ல வழக்கங்களுள் ஒன்று. ஆயினும் வருவோருட் பெரும்பாலோர் சாமான் தூக்குவதையே உதவியென்று கருதுகின்றனர். சாமான் தூக்குவதற்கு ஆள் அகப்படுவது எளிது. காசு கொடுத்தாலும் வருவார்கள். பால் கறப்பதற்கும், பாத்திக்குத் தண்ணீர் கட்டுவதற்கும், பாடசாலைப் பிள்ளைக்கு நேரத்திற்குச் சோறு கொடுப்பதற்கும் ஆள் அகப்படுவதுதான் அரிது. வீடு மாறுகிறவனுக்குப் பெரிய உதவி அவனுடைய அன்றாட வேலையை அவன் கையிலிருந்து சிலநாள் வாங்கிக் கொள்வதே என்பது என் துணிபு. அத் துணிபு எனக்கு வந்த விதத்தை இவ்வாரம் எழுதலாமென்று எண்ணுகின்றேன்.

2018ஆம் ஆண்டு வைகாசி மாதத்திலே என் தமக்கையாரின் குடும்பம் மீசாலையிலிருந்து வலிகாமம் வடக்கிலுள்ள தம் சொந்தக் காணிக்குத் திரும்பியது. இடைத் தூரம் ஏறக்குறைய 15 மைல். அந்த 15 மைலையும் திரும்பிக் கடப்பதற்கு அவர்களுக்கு 28 ஆண்டுகள் சென்றன. 1990ஆம் ஆண்டு யூன் மாதத்திலே போர் மூண்டபோது அத்தானின் பெற்றோர் பிள்ளைகளோடு கோப்பாய்க்கு வந்தனர். அத்தானுக்கு அப்பொழுது வயது 17. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழுந்து நாவற்குழிப் பாலத்தை நெருக்கியடித்துக் கடந்ததே, அதனோடு மீசாலைக்கு வந்தனர். 2000ஆம் ஆண்டு தென்மராட்சியும் போர்க்களமாயிற்று, வடமராட்சிக்குப் போயினர். 2002ஆம் ஆண்டு போர் நிறுத்தத்தின் பின்னர் மறுபடியும் மீசாலை. உயர் பாதுகாப்பு வலயமாகவிருந்த வலிகாமம் வடக்குக் காணிகள் 2015ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோது, இவர்களுடைய பத்துப் பரப்புக் காணியும் ஒருநாள் கைக்கு வந்தது. எல்லோர்க்கும் அவ்வாய்ப்புக் கிட்டியதென்று கூறுதற்கில்லை.

ஆகவே அது ஐந்தாம் முறை வீடு பெயர்தல். பஞ்சாங்கம் பார்த்துப் பெயர்ந்தது அதுவே முதன்முறை.

காணி கைக்கு வந்ததென்று சொல்லிவிடலாம். போய்ப் பார்த்தபோது அங்கே வீடில்லை. வீட்டின் அத்திவாரம் ஓரிடத்திலே இரண்டு முழ நீளத்துக்குத் தெரிந்தது. மற்றெல்லாம் பற்றைக்காடு. கண்ணிவெடி அகற்றப்பட்ட காணி என்பதை அதிகாரிகளிடம் உறுதிப்படுத்திக்கொண்ட பின்னரே வெட்டத் தொடங்கினோம். இதனை மீண்டும் கூறவேண்டிய அவசியம் இருத்தலாகாது. ஆயினும் ஆவல் மிகுதியால் உறுதிப்படுத்தாமலே கத்தியை எடுத்துக்கொண்டு இறங்குவோரை நான் கண்டிருக்கின்றேன். எல்லை வேலிகளும் இல்லை. அயற்காணிக்காரர் சிலர் கடல் கடந்து போய்விட்டனர். நில அளவையாளர் வந்து சங்கிலி பிடிக்குமுன், அத்தானின் தாயார், எங்களுக்கெல்லாம் மாமி, நாலு முறை இடம்பெயர்ந்தும் கைவிடாமல் வைத்திருந்த உறுதியை எடுத்துக் கொடுத்தார். உறுதியிற் கூறப்பட்ட வடவெல்லைப் புளியமரம் நின்றது. அதனைப் பிடித்துக்கொண்டு மற்றை எல்லைகளைக் கண்டோம்.

கிணறு இருந்தது. கிணற்றுக்கட்டு இடிந்து உள்ளே விழுந்திருந்தது. 28 ஆண்டு எவரும் அள்ளாத கிணற்றுத் தண்ணீர் பார்வைக்குத் தெளிவாகவே இருந்தது. பார்வைக்குத் தெளிந்த நீரெல்லாம் குடிநீர் என்று கொள்ளல் பிழை. கற்களையும் சேற்றையும் வெளியேற்றி, மூன்றுமுறை முற்றாக இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டு அவர் கூறிய அளவிலே குளோரின் இட்டு, அதன் பின்னரே பாவித்தோம். வலிகாமத்து நிலத்தடியிலே சுண்ணக்கல். அதன் வெடிப்புக்களிலும் பொந்துகளிலும் தேங்கும் மழைநீரே நம் கிணற்றுநீர். அந்த நன்னீர் அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. ஒரேயடியாக இறைத்தால் உவர் மேலெழும். அத்தான் தோட்டந் தொழிலைப் பழகியது மீசாலை மணலிலே. சொந்தக் காணியின் செம்மண்ணுக்கு அவர் புதியவர். எத்தனை நாளுக்கொரு தண்ணீர், எவ்வளவு நேரம் இறைக்கலாம் என்பவற்றையெல்லாம் அயலிலே முன்னரே வந்து குடியேறியிருந்தவர்களிடம் ஒரு மாணாக்கனைப்போலக் கேட்டுக்கொண்டார்.

இரண்டு அறையும் ஒரு விறாந்தையுமாக ஒரு சிறு வீடு எழுந்தது. சாந்து பூசி முடியவில்லை. குடிபூரலுக்கு வைகாசியில் நாட்குறித்தாயிற்று. ஆடியிலே குடிபூரும் வழக்கம் நம்மிடமில்லை. ஆவணிவரையும் பொறுப்பதற்கு மாமி இணங்கவில்லை. வைகாசியோவெனில் மீசாலைத் தோட்டத்திலே மிளகாய் காய்த்துக் குலுங்குங் காலம். இரண்டு பரப்பு மிளகாயும் ஒரு பரப்புக் கத்தரியும் நின்றன. வீடு கட்டிய கடனிலே ஒரு பங்கை அந்த மிளகாய்தான் தீர்க்கவேண்டும். மிளகாய்க்குப் பத்து நாளைக்கொரு ஆய்தல். இன்னும் நாலைந்து ஆய்தல் உண்டு. அதனை விட்டுவிட்டு எப்படிப் போவது?

அங்கேதான் நீர் இறைக்கும் இயந்திரத்தின் சங்கடம் தோன்றியது. இருந்தது ஒன்றே. மீசாலையில் மிளகாய்க்கு அது வேண்டும். புதிய காணியிலே நட்ட வாழைக்குட்டிகளுக்கும் அது வேண்டும். "ஒருநாள் அங்கே, ஒருநாள் இங்கே கொண்டு திரியலாம்" என்றார் ஒருவர். 15 மைல் தூரம் இயந்திரத்தை ஏற்றி இறக்குகிற செலவிலே மிளகாய் விற்ற காசு போய்விடுமென்பதை அவர் கணக்கிடவில்லை. முடிவில், இயந்திரம் மீசாலையிலேயே நிற்பது, கடைசி ஆய்தல் முடிந்தபின் எல்லாச் சாமானுக்கும் கடைசியாக அது புதிய வீட்டிற்குப் போவது, அதுவரை வாழைக்குட்டிக்கு வாளியால் அள்ளி ஊற்றுவது என்று தீர்மானித்தோம். மிளகாயை நான் பொறுப்பேற்றேன். சாவகச்சேரியிலிருந்து மீசாலை சிறு தூரம். ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்புறம் துவிச்சக்கர வண்டியிற் சென்று, தண்ணீர் கட்டிவிட்டு, எட்டு மணிக்குள் என் வேலைக்குத் திரும்பினேன். 40 நாள் அது நடந்தது. வீடு மாறுகின்ற அன்று நான் ஒரு கதிரையைத்தானும் தூக்கவில்லை என்று உறவினர் ஒருவர் இன்றும் குறை கூறுவதுண்டு.

கால்நடைகளைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறவேண்டும். கறவைப் பசு ஒன்று, கன்றோடு. சினைப்பசு ஒன்று. ஆடு மூன்று. கோழி ஒன்பதோ பத்தோ. மாட்டை வாகனத்தில் ஏற்றிச் செல்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். வழியிலே பொலிசார் மறித்தாற் காட்டவேண்டும். கால்நடை வைத்தியரிடமும் பிரதேச செயலகத்திலும் முற்கூட்டியே விசாரித்து எடுத்துக்கொள்ளல் நன்று. ஏற்றுகின்ற அன்று காலையில் எடுக்கலாமென்றிருந்து முகூர்த்தத்தைத் தவறவிட்டவர்கள் உளர். கறவைப் பசுவை வெயில் ஏறுமுன் ஏற்றவேண்டும். கன்றை அதன் கண்முன்னே கட்டவேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம், தீனியைத் திடீரென்று மாற்றாதிருத்தல். ஆதலினாலேதான் பசுவுக்கு முன்னரே வைக்கோல் போயிற்று.

வைக்கோல் ஏற்றிய கதை சுவையானது. வைகாசியிலே சோளகக் காற்று எழும்பிவிடும். உழவு இயந்திரப் பெட்டியிலே வைக்கோலைக் கூரை உயரத்துக்கு அடுக்கி, மேலே பழைய மீன்வலையைப் போர்த்து, கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். புத்தூர் வீதியாற் போய், வண்ணாத்திப் பாலத்தடியில் நீரேரி வெளிக்கு வந்தபோது காற்று ஒரு மோது மோதிற்று. வலை இல்லாதிருந்தால் ஓராண்டுத் தீனி உப்பாற்றிலே மிதந்திருக்கும். மீன்வலையைப் போடும்படி சொன்னவள் பத்து வயது மருமகள். அவளுடைய யோசனையைப் பெரியவர்கள் கேட்டார்களே, அது பெரிதல்லவா!

கோழியைப் பகலிற் பிடிக்க முயல்வது வீண். இருண்டு, அவை படுக்கைக்கு ஏறியபின் ஓசைப்படாமற் பிடித்துக் கரப்புக்குள் விட்டால் ஐந்து நிமிட வேலை. புதிய இடத்திலே மூன்று நாளாவது அடைத்து வைத்துத் தீனி கொடுத்தல் வேண்டும். அதன்பின் திறந்துவிட்டாலும் பொழுதுபட அவ்விடத்துக்கே திரும்பும். இந்தப் பொறுப்பு ஆறாந் தரம் படிக்கும் மருமகனுக்குக் கொடுக்கப்பட்டது. அவன் ஒவ்வொரு கோழிக்கும் பெயரெழுதி ஒரு கொப்பியில் வைத்திருந்தான். பிள்ளைகளுக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்தால் அவர்கள் வழியில் நின்று தொல்லை கொடுப்பதில்லை என்பது மாத்திரமன்று. தாங்களும் வீடு மாறுகின்றோம், பெரியவர்கள் தங்களை எடுத்துச் செல்லவில்லை என்ற எண்ணம் அவர்களுக்கு வருகின்றது.

மூத்த மகளின் நிலை வேறு. அவள் பதினோராந் தரம். டிசம்பரிலே கல்விப் பொதுத் தராதரப் பத்திர சாதாரண தரப் பரீட்சை. புதிய பாடசாலை, புதிய ஆசிரியர், புதிய தோழியர் என்பவற்றுக்கெல்லாம் பரீட்சைக்கு ஆறு மாதமிருக்கும்போது முகங்கொடுக்க அவள் விரும்பவில்லை. அது மாத்திரமன்று. ஒருநாள் இராச்சோற்றுக்கு இருந்தபோது, "எங்கடை ஊருக்குப் போறம், எங்கடை ஊருக்குப் போறம் எண்டு எல்லாரும் சொல்லுறியள். என்ரை ஊர் இதுதானே" என்றாள். எவரும் மறுமொழி கூறவில்லை. அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மாமி மாத்திரம், "அவள் சொல்லுறது சரிதானே. அவள் பிறந்து வளர்ந்தது இஞ்சை" என்றார். மாமியின் வாயிலிருந்து அது வருமென்று எவரும் எதிர்பார்க்கவில்லை.

வீடு மாறும் ஆண்டிலே பரீட்சை எழுதவிருக்கும் பிள்ளை உள்ள பெற்றோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். முகூர்த்தத்தைப் பிள்ளையின் பரீட்சைக்கேற்பத் தள்ளிவைக்க முடியுமானால் அதுவே சிறந்தது. முடியாவிடின், பிள்ளை பரீட்சைவரை பழைய பாடசாலையிலேயே படிக்கும்படி ஓர் உறவினர் வீட்டில் விடலாம். இவள் எங்கள் வீட்டிலே தங்கினாள். அவள் வந்த அன்றே என் மனைவி ஒரு நிபந்தனை விதித்தாள்: அவளுடைய உடுப்பைத் தோய்ப்பதைத் தவிர வேறு வீட்டுவேலை எதனையும் அவளிடம் எவரும் சொல்லுதல் கூடாது. இந்த "எவரும்" என்பது என்னைக் குறித்தது. உறவினர் வீட்டிலே தங்கிப் படிக்கும் பெண்பிள்ளை, கேட்காமலே விளக்குமாற்றைக் கையில் எடுத்துவிடுகிறாள்; தங்குவதற்கு ஏதோ விலை கொடுக்கவேண்டும் என்று எண்ணுகிறாள். அவ்வாறு எண்ணாதபடி நடத்துவதே வீட்டாரின் கடன். வெள்ளிக்கிழமை தோறும் பாடசாலை விட்டதும் பேருந்தேறி அவள் தாய் வீட்டுக்குப் போவாள். ஞாயிறு மாலை திரும்பிவிடுவாள். டிசம்பர்வரை அவ்வாறே நடந்தது.

இனி, புறப்படுகிற நாளுக்கு முந்திய இரவு. சாமான்களெல்லாம் சாக்கிலும் கடகத்திலும் உரப்பையிலும் கட்டி முற்றத்தில் வைத்தாயிற்று. அன்றிரவு மாமி படுக்கவில்லை. விறாந்தையிலே ஒரு துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பையில் உறுதி, எல்லாருடைய பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைகள், ஒரு சுண்டு அரிசி, பனங்கட்டித் துண்டு, நெருப்புப்பெட்டி, மெழுகுவர்த்தி, ஒரு போத்தல் தண்ணீர். "அப்பாச்சி, விடிய லொறியிலைதானே போறம், இது என்னத்துக்கு?" என்று சின்னவன் சிரித்தான். தமக்கையார் அவனைக் கையமர்த்திவிட்டுத் தாமும் மாமியின் பக்கத்திலே போய் இருந்துகொண்டார். நாலு முறை ஓடிய கால்களுக்கு, ஐந்தாம் முறை ஓட்டமன்று என்று வாயாற் சொல்லி விளங்கவைக்க முடியாது. வீடு மாறும் வீட்டிலே முதியவர் ஒருவர் இத்தகைய பையொன்றை வைத்திருந்தால், உதவிக்குச் சென்றவர்கள் அதனை வாங்கி மற்றைச் சாமான்களோடு ஏற்றிவிடுதல் ஆகாது. எது குப்பை, எது பொருள் என்று தீர்மானிக்கும் அதிகாரமும் நமக்கில்லை. பிடியுடைந்த அகப்பையை நான் எறியப் போனபோது மாமி தடுத்தார். ஏனென்று நான் கேட்கவில்லை; அது சென்றது.

மறுநாள் உதவிக்கு வந்தவர்கள் பன்னிரண்டு பேர். அன்புடையவர்கள்தான். ஆனால் பன்னிரண்டு பேருக்கும் தேநீர் வேண்டும், மத்தியானம் சோறு வேண்டும். பானையும் சட்டியும் கட்டப்பட்டுச் சாக்குக்குள் இருக்கின்றன. தமக்கையார் கட்டிய சாக்கை அவிழ்த்துப் பானையை எடுக்கப் போனார். நல்லவேளையாக, அயல்வீட்டு அம்மையார் ஒரு நீத்துப்பெட்டி நிறையப் புட்டும், சம்பலும், வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தார். ஒரு சாமானைத்தானும் தொடாமல், எல்லாரிலும் பெரிய வேலையைச் செய்தவர் அவரே. உதவிக்குப் போவோர் தம் சாப்பாட்டைத் தாமே கட்டிக்கொண்டு போதல் வேண்டும். இயன்றால் வீட்டாருக்கும் சேர்த்துக் கட்டுதல் வேண்டும். கையை வீசிக்கொண்டு போய், பந்தியில் இருந்து உண்டு வருவதற்குக் கலியாண வீடு இருக்கின்றது.

குடிபூரல் முறைப்படி நடந்தது. நிறைகுடம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், அரிசி முன்னே போயின. பசுவும் கன்றும் பின்னே. பால் பொங்கிற்று. அதனைப் பற்றி எழுதுவதற்கு அதிகமில்லை. எல்லா வீட்டிலும் நடப்பதே. கிணற்றடியிலே பழைய மாட்டுத்தொட்டி இருந்ததையும் அதன் வெடிப்பைச் சீமெந்தால் அடைத்திருந்ததையும் சொல்லவேண்டும். எவ்வளவு அடைத்தும் தண்ணீர் கசிந்தது. பசு அதிலே குடித்தது. மாமி கிணற்றுத் தண்ணீரை அள்ளுவித்து ஒரு மிடறு குடித்துப் பார்த்து, "கொஞ்சம் சவர் ஏறிப்போச்சு" என்றார். வேறொன்றும் கூறவில்லை. அழுவார் என்று எதிர்பார்த்துச் சூழ நின்றவர்கள் மெல்லக் கலைந்து போயினர்.

பசு முதல்வாரம் பாதிப் பால்தான் தந்தது. பழைய வைக்கோலும் பழைய தவிடும் இருந்தமையால் பத்தாம் நாளளவில் அளவு ஏறிற்று. குடிபூரலின்போது கூட்டமாக வந்த உறவினர் அதன்பின் வரவில்லை. வீடு மாறியாயிற்று, இனி என்ன என்று எண்ணியிருப்பர். உண்மையில் இரண்டாம் வாரத்திலேதான் வீட்டார் களைத்துப்போகின்றனர். வேலி அடைக்க வேண்டும். கிராம அலுவலரிடம் பதியவேண்டும். சின்னவர்களுக்குப் பாடசாலை விடுகைப் பத்திரம் எடுத்துப் புதிய இடத்திலே சேர்க்கவேண்டும். எந்தக் கடையிலே பிண்ணாக்கு நல்லது என்பதுகூடத் தெரியாது. பொழுதுபட்டால் அயலிலே பேச்சுக்கும் ஆளில்லை. பக்கத்துக் காணிகள் பல இன்னும் பற்றையாகவே கிடந்தன. இரண்டாம் ஞாயிறு நான் போனபோது தமக்கையார், "தம்பி, மீசாலையிலை இப்ப பின்னேரம் எல்லாரும் படலையடியிலை நிற்பினம்" என்றார். அன்று முழுவதும் நான் ஒரு வேலையும் செய்யவில்லை. இருந்து பேசிவிட்டு வந்தேன்.

மீசாலைக் காணிக்காரரை இதுவரை நான் குறிப்பிடவில்லை. எண்பதைக் கடந்த பெரியவர். 1995ஆம் ஆண்டிலே வீதியோரத்தில் நனைந்துகொண்டு நின்ற குடும்பத்தை, "இருந்திட்டுப் போங்கோ" என்று தம் தென்னங் காணிக்குள் அழைத்தவர். அன்றுமுதல் ஒரு சதமும் வாடகை வாங்கவில்லை. தோட்டஞ் செய்யவும் விட்டார். அத்தான் ஒவ்வோராண்டும் குத்தகைக் காசு கொண்டுபோய் நீட்டுவதும், அவர் வேறு கதை பேசி அனுப்புவதும் வழக்கம். விட்டுப் போகும்போது அவருக்கு என்ன கொடுப்பது? பணம் கொடுத்தால் அவர் மனம் நோவார். ஒன்றும் கொடாமற் போனால் அத்தானின் மனம் ஆறாது. வீடு மாறுவதிலே பாரமான சாமான் இதுதான். இதனை ஏற்றுவதற்கு லொறி கிடையாது.

சினைப்பசு வழிகாட்டிற்று. அதற்குப் பத்தாம் மாதம் பிறக்கும் தறுவாய். பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். கன்று ஈனும் நாள் நெருங்கிய பசுவை வாகனத்திலேற்றிக் குலுக்கிக்கொண்டு போகவேண்டாமென்று கால்நடை வைத்தியர் கூறிவிட்டார். ஈனும்வரை அது தம் கொட்டிலில் நிற்கட்டுமென்று பெரியவர் தாமாகவே சொன்னார். அத்தான் அந்த வாய்ப்பைப் பிடித்துக்கொண்டார். ஈன்றபின்னும் நின்று, கன்று பால்மறக்கும்வரை பாலை அவரே கறந்துகொள்ளவேண்டும். கன்று நாகாக இருந்தால் அதுவும் அவருக்கே. பெரியவர் சற்று நேரம் யோசித்தார். "நாம்பனாயிருந்தால்?" என்று கேட்டார். "நாம்பனெண்டால் நான் கொண்டுபோறன்" என்றார் அத்தான். அவர் சிரித்துக்கொண்டு உடன்பட்டார்.

ஆனி நடுவிலே பசு நாகுக்கன்று ஈன்றது. அடுத்தநாட் காலை அப்பெரியவர், எவரையும் துணைக்கழையாமல், ஒரு தூக்குச்சட்டியிற் கடும்பு எடுத்துக்கொண்டு இரண்டு பேருந்து மாறி வலிகாமம் வடக்கிற்கு வந்து சேர்ந்தார். வழி தெரியாதவர், உசாவி உசாவி வந்திருக்கின்றார். தமக்கையார் அடுப்பை மூட்டிக் கடும்பைக் காய்ச்சுவதற்குள், அவர் காணியைச் சுற்றிவந்து, வாழைக்குட்டிகளைப் பார்த்து, கிணற்றை எட்டிப் பார்த்து, தொட்டியின் கசிவைத் தடவிப் பார்த்து, "இதுக்குள்ளை முதலிலை களிமண் பூசியிருக்கவேணும்" என்று மாமியோடு வாதாடிக்கொண்டிருந்தார். மிளகாயின் கடைசி ஆய்தல் முடிந்து நீர் இறைக்கும் இயந்திரம் போனது அதன்பின் ஒரு வாரத்தில். பசு மாத்திரம் மீசாலையிலேயே நின்றது. 2019ஆம் ஆண்டு தைப்பொங்கல் கழிந்த பின்னரே அத்தான் போய் அதனைக் கூட்டிவந்தார்.